குள்ளியை வளர்த்தவள்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ எலேனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, வாசற்படிக்குப் பக்கத்தில் கற்களுக்கு நடுவே ஊதாப் பூவோடு நிற்கும் அந்தச் சின்னச் செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து அவளுக்குக் காட்டினாய். காஸ்பே மலை உச்சியில் வளர்வது, மான்ட்ரியலில் யாராலும் வேர் பிடிக்க வைக்க முடியவில்லை, எங்கள் அப்பாதான் சாதித்தார் என்று பிரெஞ்சில் சொன்னாய். அதோடு நிற்காமல் நம் வீட்டுப் பழைய கதையையும் சொன்னாய்: அப்பா பாத்திரம் பாத்திரமாகப் பனியை அள்ளி வந்து சமையலறையை நிரப்புவார், அம்மா திட்டித் தீர்ப்பாள் என்று. எலேன் சிரித்தாள். நானும் சிரித்தேன். காபித் தட்டோடு கதவருகே நின்ற உன் அம்மாவும் லேசாகப் புன்னகைத்துவிட்டு உள்ளே போனாள். நீங்கள் இருவரும் கியூபெக் நகரத்துக்குத் திரும்பி நான்கு நாள் ஆகிறது. அந்தப் புன்னகை என்னை விடமாட்டேன் என்கிறது. உங்கள் கல்யாணத்தன்று நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அங்கே அத்தனை பேர் முன்னால் நின்று எதையாவது பேசுவதற்கு முன், உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தச் செடியை வளர்த்தது நான் இல்லை.

நாம் இந்த ஊருக்கு வந்தது அறுபத்தெட்டில். உனக்குப் பதின்மூன்று வயது. ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி ஒரு நர்சரியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கோயம்புத்தூரில் விவசாயம் படித்துவிட்டுப் பத்து வருஷம் பருத்தியோடும் கரும்போடும் கழித்தவன் நான். இங்கே என் பொறுப்பு, புதிய செடிகளைப் பெருக்குவது. நீ பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் ஹாக்கியும் பழகிக்கொண்டாய். எனக்குக் கண்ணாடிக்கூடம் இருந்தது. உன் அம்மாவுக்கு இந்த வீடும் ஜன்னலும் மட்டும்தான் இருந்தன. சேலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். இங்கே கடையில் பால் வாங்கப் போனால்கூட "போன்ஜூர்", "மெர்சி" என்ற இரண்டு வார்த்தைகளோடு திரும்பி வருவாள். அவளுக்கு அது எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் என் வேலையைப் பற்றி நான் பேசுவேன், அவள் கேட்பாள். அதுதான் எங்கள் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தொன்றில் முதலாளி ஒரு புது ஆசையோடு வந்தார். பாறைத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்த மாகாணத்தின் சொந்த மலைச் செடிகளை விற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். காஸ்பே மலைகளிலிருந்து ஈரப்பாசியில் சுற்றிய கிளைகள் ஒரு சாக்கில் வந்தன. லாப்லாந்து ரோடோடெண்ட்ரான் என்று பெயர் எழுதியிருந்தது. ஊட்டிப் பக்கம் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு மரத்தை நீ பார்த்திருக்கிறாய். அதன் இனம்தான் இது. அங்கே மரமாக நிற்பது இங்கே காற்றுக்குப் பயந்து ஒரு சாண் உயரத்தில் தரையோடு படுத்துவிடுகிறது. இலை சுண்டுவிரல் நகம் அளவுதான், அடியில் துருப்பிடித்தது போல் ஒரு நிறம். நான் படித்த முறைப்படி எல்லாம் செய்தேன். அடியில் சூடு கொடுத்த மணல் பாத்தி, மேலே நாள் முழுக்கப் பொழியும் நீர்த்தூவல், வேர் பிடிக்க வைக்கும் பொடி. மூன்றாவது வாரம் தண்டின் அடி கறுத்தது. ஆறாவது வாரம் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். மறுவருஷம் மறுபடியும் கிளைகள் வந்தன, மறுபடியும் கொட்டினேன். அந்த இரண்டாவது தடவை, மிஞ்சிக் கிடந்த சில குச்சிகளைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மாவுக்குக் காட்டத்தான்.

"இவ்வளவு குட்டியா இருக்கு. இதையா ரெண்டு வருஷமா திட்டிட்டு இருக்கீங்க?" என்றாள்.

"குட்டிதான். பிடிவாதம் மலை அளவு."

"தூக்கிப் போடாதீங்க. குள்ளி எங்கிட்ட இருக்கட்டும்."

அன்றைக்கு வைத்த பெயர்தான் குள்ளி. பதினான்கு குச்சிகள். நான் அதோடு மறந்துவிட்டேன்.

அவள் செய்ததை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது என்றால், அவள் எழுதி வைத்ததால்தான். மருந்துக்கடையில் இலவசமாகக் கொடுக்கும் தேதிக் காலண்டரில், ஒவ்வொரு கட்டத்திலும் பொடி எழுத்தில் தமிழில் குறித்திருந்தாள். ஆற்றங்கரையிலிருந்து ஒரு வாளி மணல் கொண்டு வந்து, அரிசி களைவது போல் ஏழு தண்ணீர் விட்டுக் களைந்தாள். நான் வீட்டில் போட்டு வைத்திருந்த பீட் என்னும் கறுப்பு நார்மண்ணை அதோடு கலந்தாள். குச்சிகளைச் சின்னச் சின்னத் தொட்டிகளில் நட்டு, ஊறுகாய் ஜாடிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடினாள். இடம் என்று அவள் தேர்ந்தெடுத்தது நிலவறையின் வடக்கு ஜன்னல். கணப்பின் சூடு எட்டாத மூலை அது, கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்துக் கிடக்கும். ஏன் அங்கே வைத்தாய் என்று பின்னால் கேட்டபோது, "மலையில இருக்கறது சூட்டுக்கா அழும்?" என்றாள். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கெட்டிலின் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதை அவள் தினமும் தேய்த்துக் கழுவுகிறவள். அந்தக் குழாய்த் தண்ணீர் இவ்வளவு சின்ன உயிருக்கு ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது. பின்கட்டில் விழும் பனியை அள்ளி வந்து, சமையலறையில் உருகவிட்டு, ஆறவைத்து, சட்டைக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியில் ஊற்றித் தெளித்தாள். நீ அப்போது கல்லூரி முதல் வருஷம், காலை ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவாய். அடுப்பு மேடையில் பனி நிறைந்த பாத்திரங்களை நீ பார்த்திருக்கிறாய். யார் அள்ளி வந்தது என்று பார்த்ததில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்னைக் கீழே கூப்பிட்டாள். ஒரு ஜாடியைத் தூக்கி, இரண்டு விரலால் குச்சியை மிக லேசாக அசைத்துக் காட்டினாள். அது வரவில்லை. மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது தலைமுடியைவிட மெல்லிய வேர்கள், பழுப்பாக, ஒரு சின்னப் பந்து போல். பதினான்கில் ஐந்து பிழைத்திருந்தன. உன் அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்தது அதற்கு முன் நீ பிறந்த அன்றைக்குத்தான். நான் சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தின் அடியிலேயே இன்னொரு கணக்கும் ஓடியது. திங்கட்கிழமை முதலாளியிடம் என்ன சொல்வது என்ற கணக்கு.

திங்கட்கிழமை நான் சொன்னது இதுதான்: "வீட்டில் வேறு ஒரு முறையில் முயற்சி செய்து பார்த்தேன், வேர் விட்டிருக்கிறது." யார் முயற்சி செய்தது என்று அவர் கேட்கவில்லை. தமிழில் 'முயற்சி செய்து பார்த்ததில்' என்று 'நான்' வராமலே சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அது முடியாது. நான் 'நான்' என்றுதான் சொன்னேன். அடுத்த வாரம் அவளுடைய காலண்டரை வாங்கி, வரிக்கு வரி ஆங்கிலத்தில் கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொண்டேன். "எதுக்கு?" என்றாள். "ஆபீஸ்ல கேக்கறாங்க" என்றேன். தாளின் தலைப்பில் என் பெயரைப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவள் பெயரைச் சேர்க்காதே என்று யாரும் சொல்லவும் இல்லை. முதல் நாள் சொல்லியிருந்தால் அரை நிமிஷ வேலை. இரண்டாம் நாள் அது ஒரு விளக்கமாகிவிடும், மூன்றாம் மாதம் அது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இப்படித்தான் கண்ணா இது நடக்கிறது. பெரிய திருட்டு என்று யாரும் இறங்குவதில்லை. திருத்த வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அந்த இலையுதிர் காலத்தில் பாறைத் தோட்டப் பிரியர்களின் கூட்டம் ஒன்றில் என்னைப் பேச அழைத்தார்கள். ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம், நாற்பது ஐம்பது பேர், ஸ்லைடு காட்டும் கருவி. அம்மா நீலப் பட்டுப் புடவையும் பனிக்கால பூட்ஸுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். பனித் தண்ணீர் வரும் இடத்தில் கூட்டம் கொஞ்சம் தூங்கி வழிவது போல் தெரிந்தது. எங்கிருந்து வந்ததோ, ஒரு வார்த்தை வாயில் வந்தது: என் மனைவியின் சமையலறை முழுக்க நான் பனியைக் கொண்டு வந்து நிரப்புகிறேன் என்று அவள் என்னை வீட்டை விட்டே துரத்தப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிலர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் மரியாதைக்குத் தலையை ஆட்டினாள்.

காரில் திரும்பி வரும்போது கேட்டாள். "ஸ்னோ பத்திச் சொல்லும்போது எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்களே. என்ன சொன்னீங்க?"

"சும்மா ஒரு ஜோக்."

"நான் உங்களத் துரத்தினேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் "சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் புரியாது என்று நான் நம்பியிருந்தேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. வீட்டில் விருந்தாளி வரும்போதெல்லாம் அந்த ஜோக்கை மறுபடி மறுபடி சொன்னேன். அப்படித்தான் அது உன் காதுக்கும் வந்து நம் குடும்பக் கதையாகிவிட்டது. அதற்குப் பிறகு அம்மா நிலவறை ஜன்னலுக்குப் போகவில்லை. நான்கு தொட்டிகள் நர்சரிக்குப் போய்விட்டன. ஒன்றை மட்டும் கொடுக்காமல் வாசலில் கற்களுக்கு நடுவே நட்டாள். நீ எலேனுக்குக் காட்டியது அதைத்தான். ஏன் இப்போது எதுவும் வளர்ப்பதில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது, வேலை அதிகம்.

அடுத்த இரண்டு வருஷத்தில் நர்சரியில் நானூறு செடிகள் வளர்த்தோம். விற்றும் போயின. ஆனால் வாங்கியவர்களின் தோட்டத்தில் ஒரு கோடை தாண்டவில்லை. ஜூலை வெக்கையில் இலை நுனி பழுப்பாகும், ஆகஸ்டில் முழுச்செடியும் காய்ந்த துடைப்பம் போலாகிவிடும். புரோசார்டிலிருந்து ஒரு பெண்மணி செத்த செடியைத் தொட்டியோடு கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, வேர் பிடிக்க வைத்தவர் நீங்கள்தானே, ஏன் சாகிறது என்றும் நீங்களே சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரியவில்லை. அதைவிட மோசம், நம் வாசலில் இருக்கும் செடி மட்டும் ஒவ்வொரு மே மாதமும் பூத்துக்கொண்டிருந்தது. நான் அம்மாவிடம் போய் நின்றேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நம்ம வாசல் செடி மட்டும் எப்படி பொழைக்குது?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே வளர்த்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், நறுக்கும் கத்தி நிற்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்தேன். மூன்று வருஷமாகச் சொல்லாததை அங்கே உட்கார்ந்து சொன்னேன். காலண்டர், தாளின் தலைப்பு, திங்கட்கிழமை, ஜோக். அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. நான் சொல்கிறேனா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடு என்று சொன்னபோது கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். என்னை அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. அது எங்க, எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். நீங்களும் பாத்ததில்ல. போட்டோவ பாத்துட்டுதான் பேசறீங்க."

உண்மை. நான் பார்த்ததில்லை. அந்தச் செப்டம்பரில் காரில் கிளம்பினோம். நீ அப்போது கியூபெக் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாய், அப்பாவும் அம்மாவும் சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று உன்னிடம் சொன்னோம். இரண்டு நாள் ஆற்றை ஒட்டியே ஓட்டம், ஆறு அகன்று கடலாகிற வரைக்கும். மூன்றாம் நாள் ஏறினோம். அம்மா புடவைக்கு மேல் என் பழைய கோட்டு, காலில் நீ விட்டுப்போன கான்வாஸ் ஷூ. இருபது அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள், திரும்பலாம் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. மரங்கள் இடுப்பளவாகி, முழங்காலளவாகி, பிறகு இல்லாமலே போயின. மேலே கல்லும் பாசியும் காற்றும். அவள்தான் முதலில் பார்த்தாள். மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பாறைகளின் வடக்குச் சரிவில், கல்லிடுக்குகளில், கம்பளம் விரித்த மாதிரி குள்ளி. அன்று நல்ல வெயில். அவள் செடியைத் தொடவில்லை, பக்கத்திலிருந்த ஒரு கல்லைத் தூக்கி அதன் கீழே கையை நுழைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். ஐஸ் மாதிரி இருந்தது, ஈரமாகவும்.

"மேல வெயில் அடிக்குது, கீழ பிரிட்ஜ் மாதிரி இருக்கு பாருங்க. வாசல்ல நான் அழகுக்குத்தான் கல்லு வெச்சேன். அதான் பொழைச்சிருக்கு. உங்க ஆளுங்க புல்தரையில, கறுப்பு மண்ணுல நட்டிருப்பாங்க. வேர் வெந்து போச்சு."

நானூறு செடிகளின் சாவுக்கு அதுதான் காரணம். என் பட்டப்படிப்பும் பத்து வருஷ அனுபவமும் கல்லைத் தூக்கிப் பார்க்கவில்லை. இறங்கும் வழியில் மலைக் காவலர் ஒருவர், வயதானவர், எங்களை நிறுத்தினார். புடவையில் ஒரு பெண்மணியை அங்கே அவர் பார்த்திருக்க மாட்டார். எதற்கு வந்தீர்கள் என்றார். செடியைப் பார்க்க என்றேன். தாவர ஆராய்ச்சியாளரா நீங்கள் என்று என்னைக் கேட்டார். என் பிரெஞ்சு உனக்குத் தெரியுமே. "நோன். எல்" என்றேன். நான் இல்லை, அவள். அவர் தொப்பியைக் கழற்றி அம்மாவுக்குத் தலை குனிந்தார். விதை வேண்டுமா என்று அவளிடம் சைகையில் கேட்டுவிட்டு, அவரே சரிவில் போய் முற்றிய காய்கள் நாலைந்தை ஒரு சிகரெட் பெட்டித் தாளில் மடித்துக் கொடுத்தார். "மெர்சி" என்றாள். காரில் உட்கார்ந்ததும் கேட்டாள், "எல்னா அவதானே?" ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் பிளாஸ்கைத் திறந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கி, கணவனோ மனைவியோ, ஒரே வீடுதானே என்றார். தோட்டப் பிரியர்களின் பத்திரிகைக்கும் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி போட்டார்கள், அம்மாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. அவள் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு அலமாரியில் வைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். போன வருஷம் ஒருநாள், எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, "அன்னிக்கு அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் காதுல இருக்குங்க" என்றாள். இருக்கட்டும், அது என்னுடையது. ஆனால் மலையிலிருந்து திரும்பிய அந்தப் பனிக்காலமே அவள் மறுபடி நிலவறைக்குப் போனாள். விதை என்றால் தூசி, ஊதினால் போய்விடும். பாசியை அரைத்துப் பரப்பி, அதன்மேல் தூவி, மண் மூடாமல், கண்ணாடித் துண்டால் மூடி வைத்தாள். ஒரு மாதத்தில் பச்சைப் புள்ளிகள் வந்தன. ஒரு வருஷம் கழித்தும் அவை அரிசி உயரத்தைத் தாண்டவில்லை. இந்த மே மாதம் ஒன்று பூத்தது, ஒரே ஒரு பூ. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் உன்னையும் கூப்பிட்டிருக்க வேண்டும், நீ அப்பா செடி என்று சொல்வாய் என்ற பயத்தில் கூப்பிடவில்லை. பார், இவ்வளவு சொன்ன பிறகும் உன் ஒருவனிடம் மட்டும் நல்ல பெயரோடு இருக்க ஆசைப்பட்டிருக்கிறேன். மகனிடம் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

நீ நல்லவன். எலேனிடம் நீ பேசும் விதத்தைப் பார்த்தால் என்னைவிட நல்ல கணவனாக இருப்பாய் என்று தெரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நானும் கெட்டவன் இல்லை. உன் அம்மாவின் மேல் எனக்குப் பிரியம் குறைந்த நாள் கிடையாது. பிரியமாக இருந்துகொண்டே இதைச் செய்தேன், அதுதான் நீ கவனிக்க வேண்டியது. எலேன் ஒரு விஷயத்தை உன்னைவிட நன்றாகச் செய்யும் நாள் வரும். அன்றைக்கு நாலு பேர் முன்னால் உன் வாய் என்ன சொல்கிறது என்று நீயே கேட்டுக்கொண்டிரு. அவளுக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில் நம் வீட்டில் எதையும் பேசாதே, எங்களையும் பேசவிடாதே. எனக்குப் பிடித்த அந்தப் பனி ஜோக்கை இனி யாரிடமும் சொல்லாதே. எலேனிடம் உண்மையைச் சொல்லிவிடு. கல்யாணத்தன்று நான் பேசும்போதும் அதைத்தான் சொல்லப் போகிறேன். என் பேச்சைக் கேட்டு யாராவது திரும்பிப் பார்த்தால், இந்தத் தடவை அவளைச் சரியான காரணத்துக்காகப் பார்க்கட்டும்.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "பதினாலு குச்சி இல்ல, பதினாறு. ரெண்டு மொதல் வாரமே போயிடுச்சு, உங்ககிட்ட சொல்லல" என்றாள். வேறெதையும் மாற்றச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வரும்போது உங்களுக்கு இரண்டு தொட்டி கொண்டு வருகிறாளாம். அதை வளர்க்கும் விதம் பற்றி அவள் சொல்லச் சொல்ல, அவள் வார்த்தையிலேயே கீழே எழுதுகிறேன்.

"எலேன்கிட்ட இத பிரெஞ்சுல சொல்லு. உங்க வீட்ல வடக்கு பாத்த இடம் எதுன்னு அவளக் கேளு, அவளுக்குத்தான் தெரியும். அங்க வை. குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க, மழைத் தண்ணி புடிச்சு வெச்சுக்கோங்க. உரம் வேண்டாம். அடியில சுத்திக் கல்லு வைங்க, தட்டையான கல்லா, வெயில் மண்ணுல படக் கூடாது. குளிருதேன்னு உள்ள தூக்கிட்டு வந்துடாதீங்க, வெளியவே இருக்கட்டும், ஸ்னோ மேல விழுந்து மூடட்டும். ஸ்னோ கம்மியா இருந்தா ரெண்டு பேருமா அள்ளிப் போடுங்க. ரெண்டு வருஷம் ஒண்ணும் வளரலன்னு தோணும். வளருது. போதும், எழுதினது. பேனாவக் குடுங்க, என் பேர நானே எழுதறேன்."

அம்மா